துரை நாய்க்கு நாலு குளியல்

அத்தியாயம் 11

“ரைட்டரய்யா, முதல்ல என் காகிதத்துக்குத் துரைகிட்ட ஒப்பு வாங்கித் தாங்க. அப்புறம் நாயைப் பத்திப் பேசலாம்.”

கேட்டே விட்டேன்.

இதை மட்டும் கேட்கக் கூடாது என்று அம்மா ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். காலையில் தேயிலைக் கொழுந்தெடுக்கக் கிளம்பும்போது, சாக்குக் கொங்காணியைத் தலையில் மாட்டிக்கொண்டே சொல்வாள். “அப்பன் கேட்டுக்கிரும். நீ வாயத் தொறந்தேன்னா ஆகுற காரியமும் ஆகாது.” நானும் திறக்கவில்லை. இன்று சனிக்கிழமை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கோட்டயத்தில் எனக்கு இன்டர்வியூ. தாலுகா ஆபீசில் தமிழ்க் காகிதங்களைப் படிக்க ஓர் எழுத்தர் வேண்டுமாம். இன்னும் எத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருப்பது?

ரைட்டர் சூசையப்பன் வாசலிலேயே நின்றார். எங்கள் லயத்து வரிசை வீட்டுக்குள் அவர் காலெடுத்து வைத்ததில்லை. குடையிலிருந்து சொட்டிய தண்ணீர் எங்கள் படியில் விழுந்தது.

“எந்தக் காகிதம் பிள்ள?”

“நாங்க முப்பத்திரண்டு வருஷமா இந்த எஸ்டேட்டுல குடியிருக்கோம்னு துரை ஒப்பு போடவேண்டிய காகிதம். அது இல்லாம போனா பாண்டிக்காரி, தமிழ்நாட்டு ஆளுன்னு வாசல்லயே திருப்பி அனுப்பிருவாங்க. துரை லீவுல போறதுக்கு முந்தின வாரமே எழுதி அப்பாகிட்ட குடுத்தேன். உங்க மேசையில இருக்குன்னாரே.”

சூசையப்பன் குடையை மடக்கினார். திரும்பவும் விரித்தார்.

“உங்கப்பன் எங்கிட்ட ஒரு காகிதமும் தரல. தந்தது பேச்சின்னு உம்பேரு மட்டுந்தான்.”

“பேரா?”

“செக்ரோல்ல, வேலையாள் பட்டியல்ல, பதியச் சொல்லி. மாசக் கடைசில அவனுக்கு அம்பத்தெட்டு முடியுதுல்ல. அவன் எடத்துக்கு நீ. நான் எழுதி ரெடியா வச்சிருக்கேன், துரை வந்து ஒப்பு போட்டாச் சரி.” கொஞ்சம் யோசித்துச் சேர்த்துக்கொண்டார். “பி.ஏ.ன்னு அதுல போடல. போட்டா ஆபீசுல சிரிப்பாக.”

படியில் தேங்கிய தண்ணீரைக் காலால் தள்ளினேன்.

“நாலு மணிக்குத் துரையும் துரைசாணியம்மாவும் வந்துருவாக. நாயைக் குளிப்பாட்டிச் சீவிக் கொண்டாந்து விட்டிருங்க. வாசமா இருக்கணும்” என்று சொல்லிவிட்டுத் தேயிலைக்கு நடுவில் இறங்கிப் போனார்.

அப்பா பின்பக்கம் அண்டாவுக்கு அடியில் நெருப்பு மூட்டிக்கொண்டிருந்தார். பின்பக்கத்துக்கும் வாசலுக்கும் ஒன்பது அடி தூரம். எல்லாம் கேட்டிருக்கும். ஊதுகுழலை வாயிலிருந்து எடுக்காமல் ஊதிக்கொண்டே இருந்தார்.

லயத்தில் நாய் வளர்க்கக் கூடாது என்று ஆள் கணக்கெடுக்கும் மஸ்டர் ஆபீசில் போர்டே தொங்குகிறது. ஆனால் துரையின் நாய் ஒரு மாதமாக எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. பங்களாவுக்குக் கூரை மாற்றுகிறார்கள். துரை குடும்பம் லீவில் போனது. பங்களா வேலைக்காரரான என் அப்பா ராக்கப்பன் தோளில் நாயைத் தூக்கிக்கொண்டு வந்தார். தேன் நிறம், தரையைத் துடைக்கும் காது. துரைசாணி வைத்த பெயர் டஃபி. லயம் முழுக்க டப்பி.

கூடவே ஒரு பிஸ்கட் தகர டப்பாவும் வந்தது. அதில் பிரஷ், இரும்புச் சீப்பு, நகம் வெட்டி, பஞ்சு. மேலே ஒன்பது விதிகள் எழுதிய இங்கிலீஷ் காகிதம். தண்ணீர் முழங்கை தாங்கும் சூடு. காதில் பஞ்சு வைத்த பிறகே தலை. முடி போகும் திசையில் மட்டும் பிரஷ். ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் அதைத் தமிழில் வாசிப்பேன், அப்பா செய்வார். இரண்டாவது வாரத்திலிருந்து வாசிப்பதும் செய்வதும் நானே என்றாகிவிட்டது. இந்த லயத்தின் முதல் பட்டதாரிக்குப் படிப்பால் கிடைத்த முதல் வேலை அது.

நாய் மேல் எனக்குக் கோபம் கிடையாது. அதுவா கேட்டுக்கொண்டு வந்தது?

“டப்பி, வா” என்றேன். கட்டிலுக்கு அடியிலிருந்து அது வரவில்லை. வெந்நீர்ப் பாத்திரம் சத்தம் கேட்டால் சந்தோஷமாக ஓடி வரும் நாய் அது. குனிந்து பார்த்தேன். சுவரோடு ஒட்டிக் கிடந்தது. உதடு இரண்டும் தனியாகத் துடித்துக்கொண்டிருந்தன. பின்னங்கால் தொடையில் தோல் அலை அலையாக ஓடியது.

குளிர் என்று நினைத்தேன். இழுத்து மடியில் போட்ட பிறகுதான் வாசனை வந்தது.

பூசணம் பிடித்த மாதிரி ஒரு வாசனை. எனக்கு நன்றாகத் தெரிந்த வாசனை. நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்வரை என் அப்பாவின் வாசனையே அதுதான். மருந்தடிக்கிற கேங்கில் பதினைந்து வருஷம் இருந்தார். சாயங்காலம் தலையும் மீசையும் வெள்ளையாக வருவார்.

நாயைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனேன்.

“என்ன போட்ட இதுக்கு?”

“உண்ணி பிள்ள” என்றார் அப்பா. “காதுக்குள்ள ஏலக்காக் கொத்து மாதிரித் தொங்குது. துரைசாணியம்மா பாத்தா என்ன நெனைப்பாக. புகையிலைத் தண்ணி போட்டேன், போகல.”

“அதனால ஏலத்துக்குத் தூவுற பவுடரப் போட்டியா?”

“கொஞ்சந்தான். நேத்து ராத்திரி.”

“எம்புட்டு?”

இரண்டு கையையும் சேர்த்துக் குழித்துக் காட்டினார்.

“அப்பா, அது விஷம். நாய் நக்கும்ல.”

“அதத்தான் பதினஞ்சு வருசம் மூஞ்சில ஒரு துணிகூடக் கட்டாமத் தூவுனேன். நான் செத்தா போனேன்? உந்தலையில பேனுக்குப் போட்டு விட்டேன். நீ பி.ஏ. படிக்கலயா?”

சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. அவர் இருமி முடிக்கும்வரை நாய் என் கையில் நடுங்கிக்கொண்டிருந்தது.

போன வருஷம் ஸ்டோர் வாசலில் அந்தப் பவுடர்ச் சாக்கில் அச்சடித்ததை மருந்தடிக்கிற ஆட்களுக்கு நான் வாசித்துக் காட்டியிருக்கிறேன். தோலில் பட்டால் உடனே சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவவும். ஆட்கள் சிரித்தார்கள். நிறையத் தண்ணீருக்கு எங்கே போவது என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆறு வீட்டுக்கு ஒரு குழாய், காலையில் ஒரு மணி நேரம்.

துவைக்கிற கல்லில் டப்பியை நிறுத்தினேன். நக்காமல் இருக்க வாயைச் சுற்றித் துணி கட்டினேன். துணி துவைக்கிற சோப்பு எடுத்து நுரை வரத் தேய்த்தேன். ரோமம் அடர்த்தி. மேலே நுரை வெள்ளையாக நின்றது, அடியில் பவுடர் தனியாகச் சாந்து மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. விரலை விட்டுத் தோல்வரை பிரித்துப் பிரித்துத் தேய்க்க வேண்டியிருந்தது. வயிறு, அக்குள், வால் அடி, கால் விரல் இடுக்கு. அப்பா தண்ணீர் ஊற்றினார்.

முதல் குளியலில் வாசனை போகவில்லை. இரண்டாவதுக்கு ஆரம்பித்தபோது பக்கத்து வீட்டு வேலுத்தாய் குடத்தோடு வந்து நின்றாள்.

“என்னாத்தா, நாய்க்கு ரெண்டாவது குளியலா? எம்புருசனுக்கு வாரத்துக்கு ஒண்ணுதான்.”

“அவரையும் கொண்டாந்து விடு. வரிசையில நிக்கட்டும்.”

சிரித்துக்கொண்டே கிட்டே வந்தவள் நாயின் உதட்டைப் பார்த்தாள். அப்புறம் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். முகர்ந்து பார்த்தாள். அவளும் ஏலக்காட்டில் வேலை செய்தவள். தான் குளிக்க வைத்திருந்த வெந்நீரை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

இரண்டாவது முடிந்ததும் காதுக்குப் பஞ்சு வேண்டியிருந்தது. தகர டப்பாவைத் திறந்தேன். பிரஷ், சீப்பு எல்லாவற்றிலும் பவுடர். அப்பா ராத்திரி இந்தப் பிரஷ்ஷாலேயே தேய்த்திருக்கிறார். டப்பாவையே கழுவ வேண்டும் என்று உள்ளே இருந்ததைக் கொட்டினேன். அடியில் விரித்திருந்த பேப்பரை உருவினேன்.

பேப்பருக்கு அடியில் என் காகிதம்.

நாலாக மடித்திருந்தது. மடிப்பு விலகிய இடத்தில் என் கையெழுத்து. “மதிப்பிற்குரிய” என்பதை மூன்று தடவை எழுதிப் பார்த்து, நல்லதாக வந்ததை வைத்துக்கொண்டு எழுதிய காகிதம். ஒரு மாதமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் அதன் மேலிருந்துதான் நான் சீப்பை எடுத்திருக்கிறேன்.

அப்பா ஒரு கையில் குவளையோடு நின்றார். டப்பி மறுபடி நடுங்க ஆரம்பித்தது. காகிதத்தைத் தாவணியில் செருகிக்கொண்டு சோப்பை எடுத்தேன்.

“ஊத்து” என்றேன்.

ஊற்றினார்.

“ஏன்ப்பா?”

“கிழிக்கல பிள்ள. பத்திரமாத்தான் வச்சேன்.”

“ஏன்னு கேட்டேன்.”

“வீடு போயிரும்.” குவளையில் தண்ணீர் இல்லை, அதையே பார்த்துக்கொண்டு பேசினார். “முப்பதாந்தேதி எம்பேரு அடிச்சிருவாக. பேரு இல்லாத வீட்டுக்குச் சாவி கேப்பாக. உங்கம்மா தற்காலிகம். அதுக்கு வீடு கெடையாது. உங்கண்ணன் கம்பத்துக்குப் போனவன் திரும்பிப் பாக்கல. நாம எங்கிட்டுப் போக? ஒரு பேரு பதிஞ்சா வீடு நிக்கும்.”

“எனக்கு என்ன வேலைன்னு பேசி வச்ச? கொழுந்தா?”

“இல்ல இல்ல.” முகம் கொஞ்சம் தெளிந்தது. நல்ல சேதி சொல்லுகிறவர் மாதிரிச் சொன்னார். “பங்களாவுல. டப்பியப் பாத்துக்கிற வேலை. மழையில நனைய வேணாம், அட்டை கடிக்காது. துரைசாணியம்மா எழுதுற இங்கிலீசு உனக்குத்தான் படிக்கத் தெரியும்னு நாந்தான் சொன்னேன்.”

கத்த வேண்டும் போல இருந்தது. கத்துவதற்கும் ஒரு தெம்பு வேண்டும். எனக்கு முழங்கைவரை சோப்பு, இடுப்பு விட்டுப்போயிருந்தது. மூன்று வருஷம் மதுரையில் ஹாஸ்டல் சாம்பாரைத் தின்று பொருளாதாரம் படித்தேன். அப்பா சொல்லுவதில் அவருக்கு ஒரு பிழையும் தெரியவில்லை. நாய்க்குப் பவுடர் போட்டதிலும் தெரியவில்லை. இரண்டையும் அவர் அக்கறையாகத்தான் செய்திருக்கிறார். இரண்டையும் யாரையும் கேட்காமல் செய்திருக்கிறார்.

“ஊத்துப்பா” என்றேன்.

மூன்றாவது குளியல் நடக்கும்போது அம்மா கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு மத்தியானச் சோற்றுக்கு வந்தாள். என் அம்மா சுருளியம்மாள் அதிர்ந்து பேசமாட்டாள். பெயருக்குப் பதில் நம்பர் எழுதிய கூடையை இறக்கினாள். கல்லில் கிடந்த நாயையும் என் இடுப்பில் செருகியிருந்த காகிதத்தையும் பார்த்தாள்.

“உனக்குத் தெரியுமா?” என்றேன்.

“தெரியும்.”

“டப்பாவுக்குள்ள வச்சதுமா?”

“அது தெரியாது. அரிசிப் பானையில வச்சிருக்குன்னு நெனச்சேன்.”

நின்றுகொண்டே இரண்டு வாய் சாப்பிட்டாள். பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து நாயின் தலையைத் தன் முழங்கால்களுக்கு நடுவில் பிடித்துக்கொண்டாள். அவள் பிடித்த பிறகுதான் எனக்கு இரண்டு கையும் கிடைத்தன. காது மடிப்பில் பவுடர் கட்டியாக இருந்தது. பஞ்சை நனைத்துத் துடைத்து எடுத்தேன். உண்ணிகள் செத்துக் கிடந்தன. அந்த வரைக்கும் அப்பாவின் வைத்தியம் பலித்திருந்தது.

ஒன்றரை மணிக்குக் கங்காணி விசில் ஊதினான். அம்மா எழுந்திருக்கவில்லை.

“போகலயா?”

“அரை நாளு போகட்டும்” என்றாள். “வயித்துப் பக்கம் இன்னும் வழவழன்னு இருக்கு பாரு. இன்னொரு தடவ ஊத்து.”

நாலாவது குளியலுக்கு விறகு இல்லை. அப்பா கூரைக்கடியில் சொருகி வைத்திருந்த பழைய தேயிலைக் கட்டையை எடுத்து வந்தார். முழங்கையில் விட்டுப் பார்த்து, விளாவி, அவரே கொண்டுவந்து வைத்தார். கடைசிக் குவளை ஊற்றியபோது வழிந்த தண்ணீர் தெளிவாக இருந்தது.

எஸ்டேட்டில் கொடுத்த கம்பளியில் சுற்றி அடுப்படியில் படுக்கவைத்தோம். மூன்று மணி சுமாருக்கு நடுக்கம் குறைந்தது. அம்மா வடிகஞ்சியை ஆற்றி வைத்தாள். நக்கிக் குடித்தது. வாலைத் தூக்க முடியாமல் தரையில் ஒரு தட்டுத் தட்டியது. நான் பிரஷ்ஷைக் கழுவி, முடி போகும் திசையில் சீவினேன். சிக்குப் பிடித்த இடங்களைக் கத்தரித்தேன்.

அப்பா வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

“நல்லாயிருச்சு” என்றார். “நாலு மணிக்குக் கொண்டுபோய் விட்டுட்டு வந்துருவோம். ஒண்ணும் சொல்ல வேணாம்.”

“ராத்திரி திரும்ப ஆட ஆரம்பிச்சா? அங்க யாருக்குத் தெரியும் என்ன செய்யணும்னு? சொன்னாத்தான் பீருமேட்டுலேர்ந்து மாட்டு டாக்டரக் கூப்பிடுவாங்க.”

“சொன்னா, பவுடர் ஏதுன்னு கேப்பாக. ஸ்டோர்லேர்ந்து எடுத்தேன்னு எழுதுவாக. இன்னும் பதினோரு நாளு பிள்ள. முப்பத்திரண்டு வருசத்துக்குக் கெடைக்க வேண்டியது அம்புட்டும் போயிரும்.”

அதுவும் உண்மைதான். எங்கள் வீட்டில் யாரும் பொய் சொல்லுவதில்லை என்பதுதான் தொல்லை. உண்மையை டப்பாவுக்கு அடியில் வைத்துவிடுவார்கள்.

டப்பியின் காதைச் சீவிக்கொண்டே சொன்னேன்.

“பவுடர் போட்டது நான்னு சொல்லப் போறேன்.”

அப்பா திரும்பினார். “ஏ பிள்ள.”

“எடுத்ததும் நான்தான். போன வருஷம் ஸ்டோர் வாசல்ல நின்னு சாக்கை வாசிச்சவ நான்தானே. எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்.”

“உம்பேரப் பதிய மாட்டாகளே” என்றாள் அம்மா.

“ஆமா. நாயைக் கொல்லப் பாத்தவளுக்கு நாயைப் பாத்துக்கிற வேலை எவன் குடுப்பான்.”

“ஒப்பும் போட மாட்டாகளே.”

“போடலாம், போடாமலும் போகலாம். கேப்பேன். போடலன்னாலும் திங்கட்கிழமை இன்டர்வியூவுக்குப் போவேன். எஸ்டேட்டு ஸ்கூல் ரிஜிஸ்டர்ல எம்பேரு இருக்கு, ரேஷன் கார்டுல இருக்கு. அதைக் காட்டி அங்க வாயத் தொறப்பேன்.”

“அப்ப வீடு?” என்றார் அப்பா. மெதுவாகத்தான் கேட்டார்.

எழுந்துபோய்ப் பரணில் இருந்த நோட்டில் ஒரு தாளைக் கிழித்தேன். அடுப்பு வெளிச்சத்தில் முட்டி போட்டு எழுதினேன். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுதத் தெரியாதவர்கள் எழுதுவதைப் பார்க்கிற பார்வை அது. குறுக்கே பேசமாட்டார்கள்.

“என்னா எழுதுற?” அம்மாதான் கடைசியில் கேட்டாள்.

“அப்பா எடத்துல பதிய வேண்டிய பேரு.”

“யாரு பேரு?”

“சுருளியம்மாள். பதினெட்டு வருஷமாத் தற்காலிகம். வயசு நாப்பத்தாறு. இன்னும் பன்னிரண்டு வருஷம் வேலை செய்யலாம்.”

அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா என்று பார்த்தேன். இல்லை.

“எம்பேரா?” என்றாள். “என்னைய யாரும் பதியச் சொல்லலயே.”

“நீ கேட்டியா?”

“இல்ல.”

“அப்பா கேட்டியா?”

அப்பா தரையைப் பார்த்தார். “அது தோணல” என்றார்.

பதினெட்டு வருஷம் அவருக்குத் தோணவில்லை. பவுடர் தோன்றியிருக்கிறது, பிஸ்கட் டப்பா தோன்றியிருக்கிறது. ஒன்பது அடி வீட்டில் பக்கத்தில் படுத்துக் கிடக்கிற ஆளின் பெயர் தோன்றவில்லை. அதற்கு மேல் அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. களைத்துப் போயிருந்தேன்.

கீழே பங்களா வளைவில் ஜீப் ஹாரன் கேட்டது. டப்பி கம்பளிக்குள்ளிருந்து தலையைத் தூக்கியது.

பழைய காகிதத்தை உதறினேன். பவுடர் போனது, மடிப்பு மட்டும் மஞ்சளாக நின்றது. அதையும் புதியதையும் சேர்த்துப் பிளாஸ்டிக் பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டேன். நாயைக் கம்பளியோடு தூக்கினேன். நாலு தடவை குளித்த நாய் இலேசாகத்தான் இருந்தது. என் கைதான் கனத்தது.

“நானும் வாரேன் பிள்ள” என்று அப்பா எழுந்தார்.

“வேண்டாம். நீ வந்தா உண்மையச் சொல்லிருவ.”

அவர் எழுந்த இடத்திலேயே நின்றார்.

மழை விடவில்லை. அம்மா தன் சாக்குக் கொங்காணியை எடுத்து என் தலையில் மாட்டி, நாயின் முகம் நனையாதபடி முன்பக்கம் இழுத்துவிட்டாள். கேட்காதே என்று இந்தத் தடவை சொல்லவில்லை.

குழாயடியில் வேலுத்தாய் நிமிர்ந்து பார்த்தாள். நான் படியிறங்கித் தேயிலைக்குள் திரும்பியிருப்பேன். பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது. அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

“பேச்சி, எந்நம்பரு எழுதுனியா?”

நான் நிற்கவில்லை. கை இரண்டிலும் நாய் இருந்தது.

“நூத்தி எழுபத்தொண்ணு” என்றாள் அம்மா. “நூத்தி எழுபத்தொண்ணு, மறந்துறாத.”